விருத்தாசலத்தில் தட்டிப் பார்த்த பின்கண்ணாடி

2006 நவராத்திரிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது விருத்தாசலம் போய் வந்தோம். கொலுவுக்குப் பீங்கான் பொம்மை வேண்டும் என்பது என் மனைவி சுமதியின் ஆசை. பஸ்ஸில் போனால் பொம்மைகள் முழுசாக வீடு வந்து சேராது என்பது என் கவலை. ஆகவே மாமனாரிடம் அவருடைய அம்பாசிடரை இரவல் கேட்டேன். கல்யாணத்துக்குப் பெண் கேட்டபோதுகூட எனக்கு இவ்வளவு வியர்க்கவில்லை.

அந்தக் கார் இருபது வருடமாக அவர் கையைத் தவிர வேறு கை பார்த்ததில்லை. சாவியோடு ஒரு பழைய துண்டையும் கொடுத்தார். "மழை வந்தா பின்கண்ணாடிக்குக் கீழ இதைப் போட்டுடுங்க மாப்பிள்ளை, லேசா ஒழுகும். மத்தபடி எப்படி எடுத்துட்டுப் போறீங்களோ, அப்படியே கொண்டாந்து விடணும்" என்றார். "என்னைக் கட்டிக் குடுக்கும்போது எங்கப்பா இதுல பாதிகூடச் சொல்லலை" என்று சுமதி என் காதில் முணுமுணுத்தாள்.

சனிக்கிழமை காலை 5:40-க்குத் தாம்பரத்தில் கிளம்பினோம். நெடுஞ்சாலையில் பல இடங்களில் வேலை நடந்துகொண்டிருந்ததால் உளுந்தூர்பேட்டை சேர 9:10 ஆகிவிட்டது. இட்லி, வடை, காபி, இரண்டு பேருக்கு 46 ரூபாய். அங்கிருந்து பிரிந்து 24 கிலோமீட்டர் போனால் விருத்தாசலம். பத்து மணிக்கெல்லாம் கலியபெருமாள் என்பவரின் பொம்மைப் பட்டறையில் இருந்தோம்.

கலியபெருமாளுக்கு ஐம்பது வயது இருக்கும். சட்டைப் பையில் எப்போதும் ஓர் உடைந்த பீங்கான் ஃபியூஸ் துண்டு வைத்திருப்பார். நாம் எடுக்கும் ஒவ்வொரு பொம்மையையும் அதால் ஒரு தட்டுத் தட்டிக் காதருகே வைத்துக் கேட்பார். கணீரென்றால் நல்ல பொம்மை. சத்தம் மந்தமாக வந்தால் உள்ளே விரிசல், தூக்கி ஓரமாக வைத்துவிடுவார். "தட்டிப் பாக்காம ஒரு பொருளு இந்த வாசலத் தாண்டாதுங்க" என்றார். இருபத்திரண்டு பொம்மைகள் தேறின, மொத்தம் 780 ரூபாய். நேர்மையான மனிதர் என்று எனக்கு ஒரே பெருமிதம். அந்தப் பெருமிதம் இன்னும் பத்து நிமிடம்தான் இருக்கப்போகிறது.

பொம்மைகளை வைக்கோல் சுற்றிப் பின்சீட்டில் அடுக்கும்போது துண்டு அவர் கண்ணில் பட்டது. எதற்கு என்று கேட்டார். கண்ணாடிப் பக்கம் ஒழுகும் என்று வாயைக் கொடுத்தேன்.

"அப்ப எங்கியாவது விரிசல் இருக்குதுங்க. கண்ணுக்குத் தெரியாது, சத்தத்துல தெரிஞ்சிடும்" என்றவர், பையிலிருந்து ஃபியூஸ் துண்டை எடுத்துப் பின்கண்ணாடியில் ஒரு தட்டுத் தட்டினார். காதை வைத்துக் கேட்க அவகாசமே இல்லை. முழுக் கண்ணாடியும் கல்கண்டு கொட்டுவது போலப் பின்சீட்டில் கொட்டிவிட்டது.

மணி 11:20. கலியபெருமாள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "பொம்ம ஒண்ணும் ஒடையலங்க" என்றார். சுமதி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு மட்டும் கேட்டருகே நின்றுகொண்டிருக்கும் மாமனாரின் முகம் தெரிந்தது. மாலைக்குள் இந்தக் கார் பழையபடி ஆகவேண்டும். இல்லாவிட்டால் தீபாவளிக்கு நான் எந்த முகத்தோடு அந்த வீட்டில் போய் உட்காருவது?

கலியபெருமாள் எங்களை ஜங்ஷன் ரோட்டில் கார் கண்ணாடி மாட்டும் பாஷா பாயிடம் அழைத்துப்போனார். பாய் நடந்ததைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "அண்ணே, கல்லு பட்டாக்கூட தாங்கும். ஒடஞ்ச பீங்கான் மொனை பட்டா இந்தக் கண்ணாடி நிக்காதுண்ணே. பீங்கான் ஊர்ல இருந்துக்கிட்டு இதுகூடத் தெரியாதா?" கலியபெருமாள் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார்.

இந்த மாடல் கண்ணாடி ஊரில் இல்லை. பாய் நாலைந்து போன் போட்டார். திட்டக்குடியில் ஒருவர் பழைய அம்பாசிடரைப் பிரித்துப் போட்டிருந்தார். அந்தக் கண்ணாடி சாக்குச் சுற்றி பஸ் ஏறி, 2:15-க்கு வந்து சேர்ந்தது. கண்டக்டர் அதற்கு ஒரு முழு சீட்டே கொடுத்திருந்தார். கண்ணாடி 700, அதைச் சுற்றிப் பிடிக்கும் ரப்பர் பீடிங் புதிது 280, கூலி 150. பழைய ரப்பர் அப்பளமாகக் காய்ந்து கிடந்தது. ஒழுகியதற்குக் காரணம் அதுதான், விரிசல் எதுவும் இல்லை.

மாட்டும் விதம் பார்க்க வேண்டியது. புது ரப்பரை வெயிலில் போட்டு இளக வைத்து, கண்ணாடியைச் சுற்றி மாட்டினார் பாய். ரப்பரின் உள்பள்ளத்தில் ஒரு நைலான் கயிற்றைச் சுற்றிப் பதித்து, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியிலிருந்து காரின் பின்பக்கத் திறப்பில் பொருத்தி வைத்தார். பாயும் கலியபெருமாளும் வெளியே நின்று உள்ளங்கையால் அழுத்த, நான் உள்ளே உட்கார்ந்து கயிற்றை இழுக்க வேண்டும். கயிறு வர வர ரப்பரின் உதடு கார்த் தகரத்தின் விளிம்பைத் தாண்டி உள்பக்கம் வந்து உட்காரும். நான் அவசரப்பட்டு இழுத்ததில் முதல்முறை ஒரு மூலை எழும்பிவிட்டது. "மெதுவா சார், பல்லு புடுங்கற மாதிரி இழுக்காதீங்க" என்று அதட்டினார் பாய். இரண்டாம் முறை சரியாக உட்கார்ந்தது.

மூச்சு விட்டு நிமிர்ந்தால், கலியபெருமாளின் கை சட்டைப் பைக்குள் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணே!" பாய் போட்ட சத்தத்தில் ரோட்டில் போன சைக்கிள் நின்றது. "அத எங்கிட்ட குடுத்துட்டு வூட்டுக்குப் போங்க!"

"பழக்கம் பாயி" என்று நெளிந்தார் கலியபெருமாள். கோபமாக இருந்த எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

3:30-க்குக் கிளம்பினோம். புது ரப்பர் கன்னங்கரேலென்று காட்டிக் கொடுத்தது. உளுந்தூர்பேட்டை டீக்கடை வாசலில் சுமதி புழுதியை அள்ளி ரப்பர் முழுக்கத் தேய்த்தாள். 7:40-க்கு மாமனார் வீடு. அவர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "பரவாயில்லை" என்றார். அன்று எனக்கு நல்ல தூக்கம்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். காலையிலேயே போய்விடுங்கள், வைக்கோல் அவர்களே தருவார்கள். போய்வர டீசல் சுமார் 1,150 ஆனது. கார்க் கண்ணாடி மாற்றினால் ரப்பரையும் சேர்த்து மாற்றுங்கள். பொம்மை வாங்கும்போது காரைத் தள்ளி நிறுத்துங்கள். அப்புறம், செய்ததை வீட்டில் சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை.

கொலு நான்காம் நாள் நல்ல மழை. சுண்டல் சாப்பிடக் காரில் வந்த மாமனார், பொம்மைகளைப் பார்க்காமல் என் முன்னால் வந்து நின்றார். கையில் அந்தப் பழைய துண்டு.

"மாப்பிள்ளை, துண்டு நனையலை."

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், புழுதி உட்பட. சுமதி சுண்டல் பாத்திரத்தோடு அப்படியே நின்றாள். அவர் துண்டை நிதானமாக நாலாக மடித்தார்.

"எடுத்துட்டுப் போன மாதிரி நீங்க கொண்டாந்து விடலை" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "முன்கண்ணாடியும் ஓரத்துல ஒழுகுது. அந்தக் கலியபெருமாள் எந்தக் கிழமை இருப்பாரு?"