சின்னம்மாவின் கூழும் பூசாரி மாமாவின் அம்மனும்

பூசாரி மாமா என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர் கையிலிருந்த வேப்பிலைக் கொத்துதான். அது என் சின்னம்மாவின் கூழ்ப்பானைக்குக் குறுக்கே நீண்டது. பழவேற்காட்டை அடுத்த எங்கள் குப்பத்தில், ஆடி மாதம் கங்கையம்மனுக்குக் கூழ் வார்க்கும்போது, வீட்டுக்கொரு பானையாகக் கொண்டுவந்து கோயில் அண்டாவில் ஊற்றுவார்கள். எல்லா வீட்டுக் கூழும் ஒன்றாகக் கலந்த பிறகுதான் அம்மனுக்குப் படைப்பதும் ஊருக்கு வார்ப்பதும். அண்டாவை நெருங்கிய சின்னம்மாவை நிறுத்தி, "நீ ஊத்தாதம்மா. ஆத்தா ஒத்துக்க மாட்டா" என்றார் மாமா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற குரல். அதுதான் எனக்கு அதிகமாக எரிந்தது.

சின்னம்மா கட்டியவனை விட்டுவிட்டு வந்தவள். அவன் அடித்தான், குடித்தான் என்று ஒருநாளும் சொன்னதில்லை. பிடிக்கவில்லை என்றாள், அவ்வளவுதான். அப்புறம் பக்கத்து ஊரான தோணிரேவிலிருந்து இறால் பிடிக்க வந்த ஒருவரோடு தாலி இல்லாமலே குடித்தனம் தொடங்கினாள். ஊர் அதை ஒருவழியாக விழுங்கிக்கொண்டது. அம்மன்தான் விழுங்கவில்லை என்று மாமா சொன்னார். அதற்குப் பிறகும் சின்னம்மா ஆடிக்கு ஆடி கூழ் காய்ச்சினாள். "என் கூழுக்கு இன்னா கொறச்சல்?" என்று சிரித்துக்கொண்டே தெருவுக்கு வார்ப்பாள். கோயில் பக்கம் உடுக்கைச் சத்தம் கேட்டால் மட்டும் வார்ப்பதை விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். பாவமாக இருக்கும்.

மாமாவைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கடலுக்குப் போன படகு திரும்பத் தாமதமானால் அந்த வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார். படகு கண்ணில் படும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். பெண்ணின் ஒழுக்கம்தான் கடலில் ஆணைக் காக்கிறது என்று மனதார நம்பினார். அந்த நம்பிக்கை ஆதிகாலத்தது என்றே நானும் நினைத்திருந்தேன். என் நைனாதான் அதைக் கலைத்தார். "எங்க ஆயாவே எங்க தாத்தாவுக்கு ரெண்டாவதா வந்தவங்கதான். மொத புருசன் உசுரோடதான் இருந்தாரு. ஒரு பொடவ குடுத்து, ஊர்ல ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிச்சு. அப்பவும் இதே ஆத்தாதான்" என்றார். அப்போது கோயில் வெறும் ஓலைக் கொட்டகையாம். கோபுரம் எழும்பி, மைக் வைத்துப் பேச ஆள் வந்த பிறகுதான் கட்டுப்பாடுகளும் வந்து சேர்ந்தனவாம். நாம் பழசு என்று நினைப்பதில் பாதி நம் அப்பன் வயதுதான் இருக்கும் போலிருக்கிறது.

பிறகு மாமாவின் மகள் மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போனாள். கூட வேலை செய்கிற பையனோடு ஒரே வீட்டில் இருந்தாள். கல்யாணம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருவருக்கும் எண்ணம். செய்தி ஊருக்கு வந்து மாமா காதிலும் விழுந்தது. மகளை அடிக்கவுமில்லை, தலைமுழுகவுமில்லை. ஆளே கொஞ்சம் குனிந்துவிட்டார்.

அடுத்த ஆடியில், வழக்கம்போல அவருக்கு அருள் வந்தது. மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட ஆடியவர், சட்டென்று நின்று சின்னம்மாவின் பெயரைச் சொன்னார். "அவ கூழு எங்கடா? ஏன்டா இன்னும் வரல?" கூட்டம் திகைத்துப்போனது. ஊர்த் தலைவர் கைகூப்பி, "தாயே, நீதான வேணாம்னுட்ட?" என்றார். "நானா? நான் எப்படா சொன்னேன்? எவன்டா சொன்னவன்?" என்று அம்மன் அதட்டினாள். சொன்னவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வாயிடமே அதை எப்படிச் சொல்வது? எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. மாறியது அம்மனா, மாமாவா என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. மாமாவாலும் முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

சின்னம்மாவை அழைக்க நான்தான் ஓடினேன். மூச்சு வாங்கச் சொல்லி முடித்துவிட்டு, வாய் சும்மா இருக்காமல், "அவுரு ஊட்ல நடந்தா மட்டும் ஆத்தா மனசு எளகுது பாத்தியா" என்றேன். "தன் ஊட்டுக்கு வந்தாதான்டி யாருக்கும் தெரியும். அவருக்கு மட்டும் இன்னா?" என்றபடி சின்னம்மா தலையை முடிந்தாள். இத்தனை வருடக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பானையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். முகமெல்லாம் சந்தோஷம்.

அண்டாவில் ஊற்றினாள். முழுதும் ஊற்றவில்லை, பாதியிலேயே நிறுத்தினாள். கூட்டத்துக்கு வெளியே, வலைக் குவியலுக்குப் பக்கத்தில் மாமாவின் மகள் வெறுங்கையோடு நின்றிருந்தாள். திருவிழா பார்க்க வந்தவள், கிட்டே வரத் துணியவில்லை. சின்னம்மா நேரே அவளிடம் போய்ப் பானையை நீட்டினாள்.

"மீதிய நீ ஊத்து."

"வாணாம் அத்த. என்ன கூப்புடலியே."

"ஒன்ன வரச்சொல்லி ஒங்கப்பன் எப்பிடிடி கேப்பாரு? அவருக்குக் கூச்சம். நான் கூப்புடறேன், வா."

அவள் வந்தாள். ஊற்றினாள். யாரும் தடுக்கவில்லை. அருள் வந்திருக்கும்போது நடப்பது எதுவும் தனக்குத் தெரியாது என்று மாமா எப்போதும் சொல்வார். அண்டாவைத் துழாவுவது பூசாரி வேலை இல்லை, அதற்கு ஊர்ப் பையன்கள் இருந்தார்கள். அன்றைக்கு அவர் ஒரு பையன் கையிலிருந்த கூழ்த் துடுப்பை வாங்கி, தலை நிமிராமல், அடிவரைக்கும் விட்டுத் துழாவினார்.