பஸ்ஸை இழுத்துப் பிடித்த வீடு

எங்கள் கண்டக்டர் அக்காவைப் பற்றிச் சொல்ல எனக்குத்தான் முதல் உரிமை. பதினோரு வருடம் ஒரே பஸ்ஸில் வேலை பார்த்தோம். நான் ஸ்டியரிங்கில், அவர் பின்னால் கூட்டத்துக்குள். அவர் முகத்தைப் பார்த்ததைவிடக் குரலைக் கேட்டதுதான் அதிகம். "உள்ளே போங்க, உள்ளே போங்க! வாசல்ல நின்னு யாரை வரவேற்கிறீங்க?" என்று ஒரு சத்தம் போட்டால், படிக்கட்டில் தொங்குகிறவர்கள் தானாக உள்ளே வந்துவிடுவார்கள். டிப்போவில் அவருக்கு 'ஹாரன்' என்று பெயர். நிஜ ஹாரன் மூன்று மாதம் பழுதாகிக் கிடந்தபோதுகூட எனக்கு அந்தக் குறை தெரியவில்லை.

நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னை அண்ணே என்பார். இரண்டு பேரில் யார் மூத்தவர் என்று இன்றுவரை கேட்டுக்கொண்டதில்லை. அவருடைய வீட்டுக்காரர் தையல்காரர், அதிகம் பேசாத மனிதர். அக்கா மிச்சம் வைத்தால்தானே அவர் பேசுவதற்கு! கைக்குழந்தையை அவரிடம் விட்டுவிட்டுத்தான் அக்கா முதல் நாள் வேலைக்கு வந்தாராம். அன்று சில்லறை தப்பாகக் கொடுத்து, கடைசி சீட்டில் உட்கார்ந்து அழுதாராம். அவர் சொன்னால் நம்ப வேண்டியதுதான். நான் பார்த்த அக்கா யாரையும் அழ வைப்பாரே தவிர அழுகிற ஆள் இல்லை.

காலை ஏழு பத்துக்குப் பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பினால் எங்கள் பஸ் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்கும். செவ்வாய்க்கிழமைகளில் ஒரு அம்மாவும் ஏழு வயது மகளும் ஏறுவார்கள். அந்தச் சிறுமிக்கு ரத்தத்தில் புற்றுநோய். தலையில் மஞ்சள் தொப்பி, முகத்தில் மாஸ்க். என் இடது பக்க ஒற்றை சீட்டைப் பிடித்துக்கொண்டு என் கையையும் காலையும் பார்த்தபடியே வருவாள்.

"மாமா, இப்ப ஏன் கியர் மாத்தினீங்க?"

"மேடு வருதும்மா."

நாலைந்து வாரத்தில், மேடு வருவதற்கு முன்பே "மாமா, கியர்!" என்று எனக்கு உத்தரவு போட ஆரம்பித்துவிட்டாள்.

ஒரு மாதம், தொடர்ந்து இரண்டு செவ்வாய் அவர்கள் வரவில்லை. மூன்றாவது செவ்வாய் வந்தபோது அந்த அம்மா பாதியாக இளைத்திருந்தார். அக்கா டிக்கெட் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார்.

"என்னாச்சும்மா, ரெண்டு வாரமா ஆளையே காணோம்?"

"எங்க ஊர்லேருந்து அஞ்சு மணி நேரம்க்கா. முந்தின நாளே வந்து பஸ் ஸ்டாண்டுல படுக்கணும். போன தடவை அந்தக் கூட்டத்துல இவளுக்குக் காய்ச்சல் வந்திடுச்சு. லாட்ஜுல தங்க நமக்குக் கட்டுப்படியாகுமா? பயந்துக்கிட்டு வீட்டுலயே இருந்துட்டேன்."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"மருந்தைத் தள்ளிப்போடவே கூடாதுன்னு போன்ல திட்டினாரு."

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி வரை அக்காவிடமிருந்து சத்தமே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது. கண்ணாடியில் இரண்டு தடவை பார்த்தேன், இருந்தார். டீக்கடையில் நின்றபோதுதான் வாயைத் திறந்தார்.

"அண்ணே, ஆஸ்பத்திரி பக்கத்துல ஒரு வீடு பிடிக்கணும்."

"ஏன், வீட்டுக்காரரோட சண்டையா?"

"சண்டை போட அவரு வாயைத் திறக்கணுமே! இந்த மாதிரி பிள்ளைங்க அம்மா அப்பாவோட தங்கறதுக்குண்ணே. சுத்தமா, கூட்டமில்லாம."

அன்று மத்தியானமே குழந்தைகள் வார்டு நர்ஸைப் பார்த்து விசாரித்தார். வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு குடும்பம் இப்படி அல்லாடுகிறதாம். டிப்போ மேனேஜரிடம் போய், பஸ்ஸில் உண்டியல் வைக்க அனுமதி கேட்டார். பஸ்ஸுக்குள் வசூல் கூடாது என்று விதி இருக்கிறது என அவர் கையை விரித்துவிட்டார். அக்கா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது, பட்டறை வாசலில் நின்றுபோன பஸ் ஒன்றை மெக்கானிக்குகள் பத்துப் பேர் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். ரோட்டில் போனவர்கள் வண்டியை நிறுத்தி, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

அக்கா அப்படியே திரும்பி மேனேஜர் அறைக்குள் போனார். "சார், பஸ்ஸுக்குள்ளதானே வசூல் கூடாது? பஸ்ஸுக்கு முன்னாடி?"

அப்படிப் பிறந்ததுதான் பஸ் இழுக்கும் போட்டி. லீவு நாளில், டிப்போ மைதானத்தில். ஓர் அணிக்குப் பன்னிரண்டு பேர், இழுக்க வேண்டிய தூரம் ஐம்பது அடி. முடிவுக் கோட்டைத் தாண்டும் ஒவ்வோர் அணிக்கும் கடைத்தெருக்காரர்கள் ஆளுக்கு ஒரு தொகை தருவதாக ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொள்ளாமல் என்ன செய்வார்கள்? அக்கா கடை வாசலில் நின்று பேசினால் நாலாவது கடைக்காரரும் எழுந்து வந்துவிடுவார். அக்கா வீட்டுக்காரர் எல்லா அணிக்கும் கலர் கலராகக் கைப்பட்டை தைத்துக் கொடுத்தார்.

அன்று வந்த கூட்டத்தைப் பார்த்து நாங்களே மிரண்டுபோனோம். எங்கள் மெக்கானிக் அணி, "இது எங்களுக்குத் தினப்படி வேலை" என்று மார்தட்டிவிட்டு, வயிறு முட்டச் சாப்பிட்டு வந்து, முப்பதாவது அடியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டது. மார்க்கெட் மூட்டைக்காரர்கள் ஒரே இழுப்பில் கோட்டைத் தாண்டினார்கள். பள்ளிக்கூட வாத்தியார்கள் யார் முன்னால் நிற்பது என்று தீர்மானிப்பதற்குள் பாதி நேரம் போய்விட்டது.

மஞ்சள் தொப்பிக்காரிதான் சிறப்பு விருந்தாளி. கூட்டத்தில் நிற்கக்கூடாது என்பதால், இழுக்கிற பஸ்ஸிலேயே அம்மாவோடு தன் வழக்கமான சீட்டில் உட்கார்ந்திருந்தாள். பிரேக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டியது என் பொறுப்பு.

ஐந்தாவதாக ஆபீஸ் அணி வந்தது. மேனேஜரே ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு முதல் ஆளாகக் கயிற்றைப் பிடித்தார். விசில் ஊதியதும் இழுத்தார்கள். பஸ் அசையவில்லை. முகமெல்லாம் சிவக்க மறுபடி இழுத்தார்கள். ஓர் அங்குலம்கூட நகரவில்லை. "ஃபைல் நகர்த்தற கைக்கு பஸ் நகருமா?" என்று கூட்டத்தில் யாரோ கத்த, மைதானமே குலுங்கியது. நானும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது அந்தச் சிறுமி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மாமா, ஹேண்ட்பிரேக் போட்டிருக்கீங்க."

இருபது வருட சர்வீஸ் எனக்கு. வெட்கத்தோடு பிரேக்கை விடுவித்தேன். முன்னறிவிப்பு இல்லாமல் பஸ் நகர்ந்ததில், முழுப் பலத்தோடு இழுத்துக்கொண்டிருந்த ஆபீஸ் அணி மொத்தமும் ஒருவர் மேல் ஒருவராகச் சரிந்தது. நான் பிரேக்கை அழுத்தி நிறுத்தினேன். யாருக்கும் அடியில்லை. மேனேஜர் மண்ணைத் தட்டியபடி எழுந்து என்னைப் பார்த்த பார்வையில், எனக்கு டிரான்ஸ்பர் ஆர்டர் வந்துவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதைப் பார்த்ததும் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி கயிற்றைப் பிடித்து, கோட்டையும் தாண்டினார்கள்.

முதல் பரிசு, மூட்டைக்காரர்களைவிட வேகமாக இழுத்த நர்ஸுகளுக்கு! "ஸ்ட்ரெச்சர் தள்ளற எங்களுக்கு இது எம்மாத்திரம்?" என்றார் வார்டு நர்ஸ். பரிசுத் தொகையையும் அங்கேயே அக்கா கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் மூன்று அறைகளோடு ஒரு வீடு பிடித்தோம். ஒரு வருட வாடகை முன்கூட்டியே கட்டியாயிற்று. மெக்கானிக்குகள் தோற்ற ரோஷத்தில் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர் வாய் திறக்காமல் எல்லா ஜன்னலுக்கும் திரை தைத்து மாட்டிவிட்டுப் போனார். சமையலறையில் இரண்டு அடுப்பு. வருகிறவர்கள் தங்கள் கைப்பக்குவத்தில் சமைத்துக்கொள்ளலாம்.

அங்கே தங்கிய எல்லாப் பிள்ளைகளும் குணமாகிப் போனார்கள் என்று சொன்னால் அது பொய். ஒரு பையனுக்காக அக்கா இரண்டு நாள் லீவு போட்டார். ஆனால் போன மாதம் மஞ்சள் தொப்பிக்காரி தொப்பி இல்லாமல் வந்தாள். தலை நிறையச் சுருட்டை முடி. இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அக்கா அன்று பஸ் முழுக்க மிட்டாய் கொடுத்தார், ஏன் என்று யாருக்கும் சொல்லாமலே.

இந்த வருடப் போட்டிக்கு இதுவரை பதினாறு அணி பெயர் கொடுத்திருக்கிறது. மூட்டைக்காரர்களும் நர்ஸுகளும் தினமும் பயிற்சி எடுக்கிறார்களாம். நேற்று அக்கா டீக்கடையில் என்னிடம் சொன்னார்:

"அண்ணே, இந்தத் தடவை டிரைவர்களும் ஒரு அணி போடணும்."

"போடலாம்க்கா. ஆனா ஸ்டியரிங்குல யாரு உட்கார்றது?"

"மேனேஜர் சார்தான். அவரே கேட்டு வாங்கியிருக்காரு."