சந்திரமதியின் அளவு

லாயாங் லாயாங் என்ற சிற்றூரில் சந்திரமதியைத் தெரியாதவர்கள் குறைவு. செம்பனையிலிருந்து பாமாயில் எடுக்கும் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை. ஆனால் ஊருக்கு அவளைத் தெரிந்தது அதனால் அல்ல. ஞாயிறு விடிந்ததும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, கொம்பு போல் வளைந்த ஹேண்டிலைப் பிடித்தபடி ரோட் பைக் எனும் பந்தய சைக்கிளில் போகும் ஒரே தமிழ்ப் பெண் அவள்தான்.

முப்பத்தெட்டு வயதில், இரத்தத்தில் சர்க்கரை கூடி இனிப்பு நீர் எட்டிப் பார்க்கிறது, உடற்பயிற்சி வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அந்தச் சமயம் ஆலையில் இருந்த எஞ்சினியர் ஒருவர் மாற்றலாகிப் போனார். போகும்போது தன் சைக்கிளை அவளுக்கு விட்டுப் போனார். அவர் ஆறடிக்கு மேல். அவள் ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. சீட்டை அடிவரை இறக்கியும் கால் நுனிதான் தரையில் பட்டது. "கொஞ்சம் பெருசு, சமாளிச்சுக்கலாம்" என்றாள். வளரும் பிள்ளைக்குப் பெரிதாக எடுக்கும் பள்ளிச் சீருடை மாதிரி. அந்த வயதில் யார் வளர்கிறார்கள்?

பதினோரு ஆண்டுகள் சமாளித்தாள். பத்து கிலோமீட்டர் தாண்டினால் விரல்கள் மரத்துப் போகும். கழுத்து இழுக்கும். ஞாயிறு சைக்கிள் கூட்டத்தில் கூடப் போகும் எட்டுப் பேரும் மேடு ஏறி மேலே நின்று காத்திருப்பார்கள். இவள் பாதியில் இறங்கித் தள்ளிக்கொண்டு போய், "சாரி லா, எனக்குத் தெம்பு பத்தல" என்பாள். அவர்களும் நம்பினார்கள். அவளும் நம்பினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை சைக்கிளைக் கழுவும்போது மிதிகட்டைக்கு மேலே, பிரேமில், முடி போல ஒரு கோடு தெரிந்தது. நகத்தால் சுரண்டினாள். போகவில்லை. மறுநாள் காலை கணவர் கமலநாதன் தன் பள்ளி வேனில் சைக்கிளை ஏற்றி, அவளோடு பக்கத்து நகரமான குளுவாங்குக்கு வந்தார்.

சைக்கிள் கடை ரூபேந்திரனுடையது. முப்பது வயதுக்காரன். கோட்டைப் பார்த்ததுமே தலையை ஆட்டினான்.

"முடிஞ்சதுக்கா. இத ஒட்ட வச்சு ஓட்டக்கூடாது. இறக்கத்துல போகும்போது ஒடஞ்சா அவ்ளோதான்." பிறகு சைக்கிளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "இது யாரு ஓட்டுனது?"

"நான்தான். பதினோரு வருஷமா."

"இதுலயா?" அவன் குரல் இறங்கிவிட்டது. "அக்கா, இது உங்க சைஸே இல்ல. மூணு சைஸ் பெருசு."

உள்ளே போய் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தான். பூசணிப்பழ நிறம். அவளுக்கு அந்த நிறம் பிடிக்கவில்லை. விளையாட்டுச் சாமான் போலச் சின்னதாகவும் இருந்தது. சீட்டை அளந்து வைத்து, பிரேக் பிடியை அவள் விரலுக்கு எட்டும்படி திருகிக் கொடுத்தான்.

"அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்க. உங்க ஐசி, அடையாள அட்டைய குடுங்க. உங்க வீட்டுக்காரரும் இங்கயே இருக்கட்டும், அடமானமா."

கமலநாதன் சிரித்துக்கொண்டே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

முதல் நூறடியில் அவளுக்குப் பயமாக இருந்தது. எங்கோ ஏதோ குறைகிறது. என்னவென்று புரிய ஊர் எல்லை வரை போகவேண்டியிருந்தது. பழைய சைக்கிளின் சத்தம் இல்லை, சக்கரம் தார்ச்சாலையில் உரசும் மெல்லிய இரைச்சல் மட்டும்தான். வலியும் இல்லை. முழங்கை மடங்கியிருந்தது, தோள் இறங்கியிருந்தது. விரல்களை அசைத்துப் பார்த்தாள். பத்தும் அசைந்தன.

தலையை நிமிர்த்தினாள். இத்தனை வருடமும் முன்சக்கரத்துக்கு அப்பால் பத்தடியைத்தான் பார்த்து வந்திருக்கிறாள். இப்போது இருபுறமும் செம்பனைகள் உச்சிவரை தெரிந்தன. ஓலைகளுக்கிடையே வெயில் சாய்வாக இறங்கியது. வாய்க்கால் ஓரம் கொக்குகள் வரிசையாக நின்றன. இந்தச் சாலை இவ்வளவு அழகா? எத்தனை ஞாயிறு கூட்டத்தோடு குளுவாங் வரை இதே வழியில் வந்திருக்கிறாள்!

மேடு வந்தது. தண்ணீர்த் தொட்டி வளைவு. அங்கேதான் எப்போதும் இறங்குவாள். பழக்கத்தில் கால் இறங்கப் பார்த்தது. கியரைத் தட்டினாள். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், மிதி இலேசானது. மிதித்தாள். சைக்கிள் போனது. இன்னும் மிதித்தாள். மூச்சு வாங்கியது, நெற்றியிலிருந்து வேர்வை கண்ணில் இறங்கியது. ஆனால் போட்ட பலம் எங்கும் சிதறாமல் சக்கரத்துக்கே போனதை அவள் கால் உணர்ந்தது. தொட்டி பின்னால் போனது. மேட்டின் உச்சியில் சாலை சமமானபோது அவளால் நம்ப முடியவில்லை. திரும்பிப் பார்த்தாள். ஏறி வந்தது தானேதான்.

இறக்கத்தில் இரண்டு விரலால் பிரேக்கை அழுத்தினாள். வண்டி பணிவாக நின்றது. நடுச்சாலையில் நின்று தனியாகச் சிரித்தாள். கண்ணும் கலங்கியது. தெம்பு பத்தலை என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள். தெம்பு அவளிடம் எப்போதும் இருந்திருக்கிறது.

ஒன்றரை மணி நேரமாகியும் ஆளைக் காணோம். கமலநாதன் நான்கு முறை போன் அடித்துவிட்டார். அவள் கைப்பேசியோ வெளியே நின்ற வேனின் சீட்டிலேயே கிடந்தது. ரூபேந்திரன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தேடி வந்தான். தண்ணீர்த் தொட்டி வளைவில், முகம் சிவக்க மிதித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா! என்னாச்சு? விழுந்துட்டீங்களா?"

"இல்லப்பா," மூச்சிரைக்கச் சொன்னாள், "ஏறுறேன்."

"இன்னும் இந்த மேட்டையேவா ஏறுறீங்க?"

"இது மூணாவது தடவ. நீ போ, வர்றேன்."

வீடு திரும்பும்போது கமலநாதன் கேட்டார். "அப்படி என்னதான் இருக்கு அதுல?"

சந்திரமதி சொல்லப் பார்த்தாள். "எனக்குன்னு தைச்ச மாதிரி இருக்குங்க" என்றாள். அது போதவில்லை என்று அவளுக்கே தெரிந்தது.

அவளுக்காக நீல நிறத்தில் ஒன்று வர மூன்று வாரம் ஆனது. வந்த ஞாயிறன்று கூட்டத்தோடு போகவில்லை, தனியாகக் கிளம்பினாள். அடுத்த ஊரான ரெங்கத்தில் திரும்பிவிடலாம் என்று நினைத்தாள், திரும்பவில்லை. சிம்பாங் ரெங்கத்திலும் திரும்பவில்லை. ஒன்பது மணிக்குக் கமலநாதனிடமிருந்து போன் வந்தது.

"எங்க இருக்க?"

"ஆயர் ஈத்தாம்."

"அலமாக்! அவ்ளோ தூரம் சைக்கிள்லயா?"

"சைக்கிள்லதான். சந்தி கடைல நிக்கிறேன். கை மரத்துப் போகலங்க."

கமலநாதன் வேன் சாவியைக் கையில் எடுத்தார்.

"வேன எடுத்துட்டு வரவா?"

"வேணாம். மிதிச்சே வந்துர்றேன்."