மாதிரிக் கோப்பு

சுள்ளிக்கல்லில் ஒரு கணினிக் கடையில், கல்லூரி நேரம் போக நான் வேலை பார்த்தபோது அவரைச் சந்தித்தேன். ஜூ டவுனில் மிளகு வியாபாரம் செய்பவர். சட்டையின் கழுத்துப் பொத்தானையும் போட்டிருந்தார். பேசுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அவருடைய கணினியின் வன்தட்டு பழுதாகி அனைத்தும் அழிந்திருந்தது. தரவுத்தள மென்பொருளைப் புதிதாக நிறுவத் தொடங்கினேன். எந்தெந்தப் பகுதிகள் வேண்டும் என்று திரை கேட்டது.

"மாதிரிக் கோப்பு வேண்டாம்தானே, அங்கிள்? பழகறதுக்காகக் கூடவே தர்ற ஒரு கற்பனைக் கடையோட கணக்கு அது. சும்மா இடத்தை அடைக்கும்."

கண்ணாடியைத் துடைத்துவிட்டு, மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்.

"அது வேணும் மோளே. எம் பொண்ணு அதைப் பார்த்துத்தான் படிச்சா. அப்புறம் நம்ம கடைக்கு அவளே ஒண்ணு உண்டாக்கினா. அவளும் போயாச்சு, இப்ப அதுவும் போச்சு. இதாவது இருக்கட்டும்."

அந்தப் பகுதியையும் சேர்த்து நிறுவி, கோப்பைத் திறந்து காட்டினேன். உலகில் இல்லாத வாடிக்கையாளர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். ஒரு பெயரில் நின்று, "இதைப் பார்த்தா அவளுக்குச் சிரிப்பு அடங்காது" என்றார்.

எந்தக் கணினியில் நிறுவினாலும் இதே பெயர்கள்தான் வரும் என்பது அவருக்குத் தெரியுமா என்று எனக்கு விளங்கவில்லை. நான் கேட்கவுமில்லை. பட்டியல் முடிந்ததும் அவர் மெதுவாகச் சொன்னார்:

"இன்னொரு தடவ மேலேருந்து காட்டு மோளே."