குருவிக்கூடும் கறுப்புத் தூளும்

அவன் தலைமுடியைப் பார்த்துத்தான் சின்ன வயதில் வீட்டில் 'குருவிக்கூடு' என்று பேர் வைத்தார்கள். சீப்பை உள்ளே விட்டால் சீப்புதான் உடையும். பேர் வைத்த அம்மா இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறாள். கூடுதான் கலைந்து போய்விட்டது.

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த வருடம் முடி தலையணையில் உதிர ஆரம்பித்தது. பிறகு குளியலறையில் தண்ணீர் போகிற ஓட்டையை அடைத்தது. நுண்ணுயிரியல் முதுகலையில் இரண்டாம் வருடத்துக்கு வரும்போது நெற்றி இரண்டு பக்கமும் உள்வாங்கி, உச்சியில் வட்டமாகத் தோல் தெரிந்தது. அப்பாவுக்கு வழுக்கை, தாய்மாமாவுக்கும் வழுக்கை. இரண்டு வீட்டுச் சொத்தும் ஒருத்தனுக்கே வந்து சேர்ந்தது என்று வேறு யாரைப் பற்றியாவது சொல்லியிருந்தால் அவனே விழுந்து விழுந்து சிரித்திருப்பான்.

பல்கலைக்கழக மருத்துவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "இருபது வயசுலயே நிறையப் பசங்களுக்கு வருது தம்பி. மருந்து தரேன். பொறுமையாப் போடணும்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். அவன் வகுப்பிலேயே இன்னும் நாலைந்து பேருக்கு முன்மண்டை காலி. அவர்கள் ஒருவரை ஒருவர் 'விளக்குப் போடாதேடா, கண்ணு கூசுது' என்று கேலி செய்துகொண்டு திரிந்தார்கள். இவனால் அது முடியவில்லை. மயிரைக் கட்டி மலையை இழு, வந்தால் மலை, போனால் மயிர் என்பார்கள். போனதே மயிர்தான் என்கிறவனுக்கு அந்தப் பழமொழியில் என்ன ஆறுதல் இருக்கிறது?

மருந்தைப் போட அவனுக்குப் பொறுமை இல்லை. பதிலாக ஒரு தூள் வாங்கினான். மிளகுத்தூள் டப்பா மாதிரி ஒரு டப்பா, உள்ளே மாவு மாதிரி கறுப்புத் துகள். உச்சியில் தூவித் தட்டிவிட்டால் மிச்சம் இருக்கிற முடியில் ஒட்டிக்கொண்டு, அடர்த்தியாக இருப்பதுபோலக் காட்டும். வாங்கிய புதிதில் படிப்பாளிப் புத்தி சும்மா இருக்கவில்லை. ஒரு சிட்டிகையை எடுத்துப் போய் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தான். கத்தரித்துப் போட்டதுபோலக் குட்டை குட்டையான குச்சிகள், ஒன்றுக்கும் கிளை கிடையாது. எவ்வளவு நேர்த்தி என்று வியந்துகொண்டான்.

தூள் வந்த பிறகு வாழ்க்கையே மாறிப்போனது. மழை ஆகாது, காற்று ஆகாது, வியர்வை ஆகவே ஆகாது. முக்கியமாக, யார் முன்னாலும் குனியக் கூடாது. கீழே விழுந்த பேனாவைக்கூட முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி எடுத்தான். 'தலைக்கனம் பிடிச்சவன்' என்று பேர் வந்தது. வந்தால் வரட்டும், வழுக்கைக்கு அது எவ்வளவோ மேல் என்று இருந்துவிட்டான். அம்மா வீடியோவில் கூப்பிட்டால் போனைத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொள்வான்.

"ஏன்டா குருவிக்கூடு, எப்பப் பாத்தாலும் மூக்கு ஓட்டையையே காட்டுற? உன் மூஞ்சிய மறந்தே போயிடுவேன் போலிருக்கு" என்பாள் அம்மா.

ஆய்வுக்கூடத்தில் ஒரு விதி உண்டு. நுண்ணுயிர் வளர்க்கிற அறைக்குள் நுழைகிற எல்லோரும் மெல்லிய துணித்தொப்பி ஒன்றைத் தலையில் மாட்டிக்கொள்ள வேண்டும். மாட்டினால் தூள் உரசிக் கலைந்துவிடும், கழற்றும்போது உள்பக்கம் கறுப்பாக ஒட்டியிருக்கும். அதனால் அவன் மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லித் தொப்பி இல்லாமலே உள்ளே போய் வந்தான். கேட்டவர்களும் ஒரு கட்டத்தில் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

பக்கத்து மேசையில் வேலை செய்தவளுக்குப் பேர் 'கடிகாரம்'. சொன்ன நேரத்துக்கு வருவாள், சொன்ன நேரத்துக்கு முடிப்பாள். ஒன்றுக்கு இரண்டு தொப்பி மாட்டுவாள். மண்ணிலிருந்து எடுத்த ஒரு பாக்டீரியாவைக் கண்ணாடித் தட்டுகளில் மாதக்கணக்கில் வளர்த்துக்கொண்டிருந்தாள். அது தன்னைச் சுற்றி மற்ற கிருமிகளைக் கொன்று தெளிவான வளையம் போடும். அந்த வளையம் பெரிதாவதைத் தினமும் படம் எடுக்க வேண்டும். படம் எடுப்பதில் அவன் கெட்டிக்காரன். அவள் மூடியைத் திறந்து வைப்பாள், அவன் தட்டுக்கு மேல் குனிந்து படம் எடுப்பான். அவள் கண் தட்டில்தான் இருக்கும் என்பதால் அங்கே மட்டும் தைரியமாகக் குனிந்தான். அவனுடைய சொந்த ஆராய்ச்சி பஞ்சடைத்த குடுவைகளில் பத்திரமாக இருந்தது.

ஒருநாள் அவளுடைய தட்டுகளில் கரும்புள்ளிகள் தெரிந்தன. அடுத்த வாரம் இன்னும் கூடுதலாக. கறுப்புப் பூஞ்சை புகுந்துவிட்டது என்று அறையே கலவரமானது. ஒரு தட்டில் புகுந்தால் எல்லோர் வேலையும் நாசமாகும்.

"கைய நல்லாக் கழுவுறியா? அவசரத்துல விட்டுடுறியோ என்னவோ" என்று அவனும் தன் பங்குக்குப் புத்தி சொன்னான். அப்போது அவனும் பூஞ்சை என்றுதான் நம்பினான். அவள் மறுபடி கழுவப் போனாள்.

பேராசிரியை ஒரு தட்டை அவனிடம் கொடுத்தார். "உனக்குத்தான் கண்ணு கூர்மை. என்னன்னு பாத்துச் சொல்லு. பூஞ்சைன்னா எல்லாத்தையும் அழிச்சிடணும். அந்தப் பொண்ணை இனிமே உள்ள விட முடியாது, ஆராய்ச்சியும் ரத்துதான்."

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தான். கத்தரித்துப் போட்டதுபோலக் குட்டை குட்டையான குச்சிகள். ஒன்றுக்கும் கிளை கிடையாது.

டப்பாவில் இருந்த அதே தூள். உண்மையைச் சொன்னால் அடுத்த கேள்வி, 'இது எங்கேயிருந்து வந்தது?' அதற்கடுத்து எல்லோர் கண்ணும் அவன் உச்சிக்குப் போகும். அதை நினைத்தபோதே நாக்கு முந்திக்கொண்டது.

"பூஞ்சை மாதிரிதான் இருக்கு மேடம்."

அன்றைக்கே அவளுடைய தட்டுகள் எல்லாம் கிருமியைக் கொல்லும் நீராவிக் கொதிகலனுக்குள் போயின. அவளே அடுக்கிவைத்தாள். கடைசித் தட்டை மட்டும் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். அவன் குடுவைகளைப் பார்ப்பதுபோல நின்றான். மறுநாள் வளர்ப்பு அறைச் சாவியை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். கைச்சுத்தம் இல்லாதவள் என்ற பேச்சு மாடி முழுக்கப் பரவியது.

விடுதி அறையில் உட்கார்ந்து அவன் தன்னையே சமாதானப்படுத்திப் பார்த்தான். தட்டுத்தானே, மறுபடி வளர்க்கலாம். கோபம் ஆறினால் மேடம் சேர்த்துக்கொள்வார். ஆனால் காலையில் டப்பாவை எடுத்துத் தலையில் தூவும்போது கை கூசியது. கூசிக்கொண்டே தூவினான். அதுதான் அவனுக்கே பொறுக்க முடியாமல் இருந்தது.

ரத்துக் கடிதத்தில் கையெழுத்துப் போட அவளை வரச் சொல்லியிருந்த அன்று, அவனையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஆய்வுக்கூடத்தில் நாலைந்து பேர் இருந்தார்கள். அவள் பேனாவை வாங்க நீட்டிய கையை அப்போதுதான் சரியாகப் பார்த்தான். சோப்பும் ஸ்பிரிட்டும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்து, விரலிடுக்கில் வெடித்துச் சிவந்திருந்தது. பேனாவை மடக்கிப் பிடிக்க முடியாமல் அவள் முகம் சுளித்தாள்.

"மேடம், கழுவினேன் மேடம். ஒவ்வொரு தடவையும் கழுவினேன்" என்றாள். அழவில்லை. சொல்லிச் சொல்லி அலுத்த குரல்.

அவன் எழுந்து மூலையில் இருந்த வெள்ளைத் தொட்டிக்குப் போனான். குழாயைத் திறந்து தலையைக் கீழே கொடுத்தான். கறுப்புத் தண்ணீர் தொட்டியில் வழிந்தது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. தலை சொட்டச் சொட்டத் திரும்பி வந்து அவர்கள் முன்னால் குனிந்து நின்றான்.

"பூஞ்சை இல்ல மேடம். என் தலையில போடுற தூளு. அன்னைக்கே எனக்குத் தெரியும்."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். இத்தனை நாள் எந்தச் சிரிப்புக்குப் பயந்தானோ அதே சிரிப்பு. கொசு கடித்த அளவுகூட அது உறைக்கவில்லை. பேராசிரியை தொட்டியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கடிதத்தைக் கிழித்தார். அவனைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

கடிகாரம் அவன் உச்சியைப் பார்க்கவே இல்லை.

"வழுக்கைன்னு தெரிஞ்சிருந்தா ஒரு நாள் சிரிச்சிருப்பேன்டா. மறுநாள் மறந்திருப்பேன்" என்றாள். "தட்டையெல்லாம் நான் உள்ள வச்சப்போ பக்கத்துலதானே நின்ன?"

அவள் சாவியை வாங்கிக்கொண்டு போனாள். உறைபெட்டியில் மிச்சம் இருந்த துளி பாக்டீரியாவிலிருந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். கூடப் படித்தவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போனபிறகும் அவள் மட்டும் விடுமுறையில் தங்கியிருக்க வேண்டியிருந்தது. அவனும் ஊருக்குப் போகாமல் தங்கி, தொப்பியை மாட்டிக்கொண்டு அவளுடைய கண்ணாடித் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. நன்றியும் சொல்லவில்லை. படம் எடுக்க மட்டும் வேறு ஆளை வைத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா கூப்பிட்டாள். அவன் போனை உயரே தூக்கிப் பிடித்துத் தலையைக் குனிந்து காட்டினான். அம்மா சிரித்துவிட்டாள்.

"அட போடா. கல்யாணத்தன்னைக்கு உங்கப்பாவுக்கு இதுல பாதிகூட இல்ல. நான் என்ன எந்திரிச்சு ஓடியா போயிட்டேன்? இதுக்காடா இத்தனை நாளா வெக்கப்பட்ட?"

"இதுக்கு இல்லம்மா" என்றான் அவன். எதற்கு என்று அம்மா கேட்டாள். அவன் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.