கல்செடிக்கு இன்னொரு பூ

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவருக்குக் கடைத்தெரு வைத்த பெயர் ‘ஊமைக் கண்ணாடி’. நிஜத்தில் ஊமையெல்லாம் இல்லை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ஆசாமி, அவ்வளவுதான். வாடிக்கையாளர் முகத்தில் கண்ணாடியை மாட்டிவிட்டு, “தெரியுதா?” என்பார். அதோடு அன்றைய பேச்சு தீர்ந்தது.

இப்படிப்பட்டவருக்குத்தான் கல்செடிப் பைத்தியம் பிடித்தது. ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்கோடிப் பொட்டல் நிலத்தில், கூழாங்கல்லோடு கூழாங்கல்லாகக் கிடக்கும் செடி அது. தடித்த இரண்டே இலை, நடுவில் ஒரு பிளவு. விதையோ மூக்குப்பொடி மாதிரி, தும்மினால் போச்சு. மூச்சைப் பிடித்துக்கொண்டு மணல்மேல் தூவி, ஈரம் போகாமல் கண்ணாடியால் மூடி, கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

முதல் விதைத்தட்டை அவரும் மனைவியும் சேர்ந்துதான் விதைத்தார்கள். மருந்துக் கடையில் மாத்திரை எண்ணிப் பழகிய விரல் மனைவிக்கு. அவரைவிட நிதானமாகத் தூவினாள். பச்சைப் புள்ளிகள் தலைகாட்டிய அன்று “முளைச்சிடுச்சு!” என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தன்னைப் பார்த்து இந்த மனுஷன் இப்படி ஒரு சத்தம் போட்டதில்லையே என்று மனைவிக்கு வயிறு எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? “நானும் ஒரு செடியாப் பொறந்திருக்கலாம். அதுங்ககிட்டயாவது பேசறீங்க,” என்று ஒருநாள் பெட்டியைக் கட்டினாள். “பாதி நான் வெதச்சது. குடுங்க.”

அப்போதாவது ‘போகாதே’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாற்றுகளில் பாதியைப் பிரித்து, வேர் அறாமல் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். அட மனுஷா, பொட்டலம் மடிக்கிற நேரமா அது!

அதன்பிறகு வீட்டில் சமையலறைக் குழாய் சொட்டுவது மட்டும் கேட்டது. மனசு சரியில்லாதபோதெல்லாம் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். மனசு தினமும் சரியில்லை. கல்செடிக்குத் தண்ணீர் மிஞ்சினால் எமன் என்று ஊருக்கே சொல்லக்கூடியவர், தன் கையாலேயே ஒவ்வொன்றாக அழுக வைத்தார். ஒன்றே ஒன்று தப்பியது.

சில வருஷம் கழித்து, ஒரு பிற்பகலில் அது மஞ்சளாகப் பூத்தது. ஆனால் கல்செடிப் பூவுக்கு ஒரு வீம்பு உண்டு. தன் மகரந்தம் தனக்கு உதவாது. வேறொரு செடியும் அதே சமயத்தில் பூத்திருந்தால்தான் விதை பிடிக்கும். வேறொரு செடி யாரிடம் இருக்கிறது என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. விதைக்காகத்தான் போன் செய்கிறேன் என்று தன்னிடமே சாக்குச் சொல்லிக்கொண்டார். பச்சைப் பொய். அவளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

“இங்கயும் பூத்திருக்கு. வெளியில வெக்கறேன். வந்து பண்ணிட்டுப் போங்க,” என்றாள் அவள்.

பஸ்ஸில் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரே வாக்கியத்தை முணுமுணுத்துக்கொண்டே போனார். “நீ இல்லாம வீடு வீடா இல்ல, வந்துடு.” பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

அவள் வீட்டு மாடிப்படி ஏறினார். சாத்தின கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூல், அதன்மேல் விரிந்த பூவோடு செடி. பக்கத்தில் அவள் செருப்பு. உள்ளேதான் இருக்கிறாள். சட்டைப்பையிலிருந்து தூரிகையை எடுத்து, அவள் பூவில் தொட்டுத் தன் பூவில் வைத்தார். தன் பூவில் தொட்டு அவள் பூவில் வைத்தார்.

“ரெண்டுக்கும் வெச்சுட்டேன்,” என்றார் கதவைப் பார்த்து.

“ம்.” குரல் கதவை ஒட்டி, மிகப் பக்கத்தில் கேட்டது.

“காய் முத்துற வரைக்கும் அதுமேல தண்ணி படக்கூடாது. பட்டா வெடிச்சு விதையெல்லாம் செதறிடும்.”

“தெரியும்.”

தூரிகையைத் திரும்பச் சட்டைப்பையில் செருகினார்.

“வேற ஏதாவது சொல்லணுமா?” என்றாள்.

பஸ் முழுக்கச் சொல்லிப் பார்த்த வாக்கியம் நெஞ்சுவரை வந்தது.

“இல்ல. அவ்வளவுதான்.”

தொட்டியைத் தூக்கிக்கொண்டு படியில் கால் வைத்தார். அப்போதுதான் உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. அதுவரை கதவு வெறுமனே சாத்தித்தான் இருந்திருக்கிறது.