லொஃப்டில் கிடந்த ஊர்வீடு

கண்ணாடிப் பஞ்சு ஒருமுறை கையில் பட்டால் போதும், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் "கடி" எடுத்து, சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் அடங்காமல், மறுநாள் கணக்குப் பாடம் நடக்கும்போதும் சொறிந்துகொண்டே இருக்க வேண்டும். ஊரைவிட்டு வந்து செவன் கிங்ஸில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் கூரைக்குக் கீழே, எல்லோரும் "லொஃப்ட்" என்று சொல்லும் இருட்டுப் பரணில், பதினொரு வயதான நானும் அம்மாவும் முழங்காலில் ஊர்ந்து சூட்டை வெளியே விடாத அந்த மஞ்சள் பஞ்சுச் சுருள்களை விரித்த குளிர் மாரிகாலம் அது.

காரணம் தம்பி. நாலு வயது, குளிர் தொடங்கினால் நெஞ்சு இழுக்கும். அறையைச் சூடாக வைத்திருக்கச் சொன்னார் டொக்டர். ஹீட்டரைப் போட்டால் மீற்றர் தலைதெறிக்க ஓடியது, நிறுத்தினால் பிள்ளைக்கு இழுத்தது. சூடு முழுக்கக் கூரை வழியாகத்தான் போகிறது என்று அம்மா வேலை செய்த சலவைக்கடையில் யாரோ ஒரு பெண் சொல்லிவிட, அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். அவர் ஒன்றைப் பிடித்தால் விடுகிற ஆளா? அப்பாவின் மழைக்கோட்டைப் போட்டு, மூக்கையும் வாயையும் சால்வையால் கட்டி, கொள்ளைக்காரி மாதிரி ஏணியில் ஏறினார்.

ஆனால் மேலே ஏற்கெனவே ஒரு வீடு இருந்தது. சண்டை முடிந்ததும் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் போய்க் கட்டப்போகும் வீட்டுக்காக அப்பா வருஷக்கணக்கில் சேர்த்த பித்தளைக் கைப்பிடிகள், குழாய்கள், பூட்டுகள், ஒரு கைகழுவும் தொட்டி, பெட்டி பெட்டியாகக் குளியலறை டைல்ஸ். நாங்கள் ஒதுக்கிவைத்துப் பஞ்சு விரித்து முடித்ததும், அப்பா ஏறி, எல்லாவற்றையும் கவனமாகப் பஞ்சின்மேலேயே திரும்ப அடுக்கினார். "ஊருக்குப் போகேக்கை தேவைப்படும்" என்று அவர் சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சுக் கிடையாது.

இரண்டு கிழமையாகியும் வீடு சூடேறவில்லை. அம்மா ஏறிப் பார்த்தார். பெட்டிகளுக்குக் கீழே பஞ்சு அப்பளமாகச் சப்பளிந்து கிடந்தது. உள்ளே காற்று நின்றால்தான் அது சூட்டைப் பிடிக்கும், மேலே பாரம் ஏற்றக்கூடாது என்று சுருளின் உறையில் இங்கிலீசில் எழுதியிருந்ததை அன்றைக்குத்தான் நான் வாசித்துச் சொன்னேன். முதலிலேயே வாசித்திருக்கலாம், கேட்கத்தான் ஒருவரும் இல்லை.

அம்மா சத்தம் போடவில்லை. அப்பா வேலையால் வந்து தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, தம்பியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"இஞ்சருங்கோ, அந்தப் பெட்டியள் இறங்கினால்தான் இவனுக்கு மூச்சுச் சீராகும். எப்ப ஊருக்குப் போறம் எண்டு ஒரு நாளைச் சொல்லுங்கோ. சொல்ல ஏலாட்டி இறக்குங்கோ."

அப்பா நாள் சொல்லவில்லை. மூன்று நாள் கோபத்தில், வேலையால் வந்ததும் சாப்பிட்டுவிட்டு நேரே படுக்கப் போனார். சனிக்கிழமை காலை அவரே ஏணியைக் கொண்டுவந்து வைத்தார். பெட்டிகள் இறங்கின. கைப்பிடிகள் எங்கள் அறைக் கதவுகளுக்குப் போயின, டைல்ஸை ஒரு தெரிந்தவர் வாங்கிப் போனார். அம்மா பஞ்சை உதறி நிமிர்த்தி, நிமிராத இடங்களில் புதுச் சுருள் விரித்தார். அந்த மாரியில் ஹீட்டரை அரைவாசி நேரம் போட்டாலே போதுமாக இருந்தது. தம்பி இருமாமல் படுத்தான்.

இப்போது அந்த வீட்டில் நான் இருக்கிறேன். காஸ் பில் ஏறிய ஏற்றத்தில், போன வருஷம் பழைய பஞ்சின்மேல் இன்னொரு படை விரித்தேன். ஒதுக்க ஒரு பெட்டியும் இல்லாததால் வேலை மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. சண்டை முடிந்த பிறகும்கூட அப்பா, கண்ணை மூடும்வரை, ஊரில் வீடு கட்டும் கதையை எடுக்கவேயில்லை. அம்மா செய்தது சரி, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் அந்தச் சனிக்கிழமை, கைகழுவும் தொட்டியை இறக்கிக்கொண்டு வந்த அப்பா, அதை மடியில் வைத்தபடி மாடிப்படியில் அப்படியே இருந்துவிட்டார். பின்னால் குப்பைப் பையோடு நின்ற நான், "வழி விடுங்கோ அப்பா" என்றேன். அவர் எழும்பி வழி விட்டார்.